பூஜைக்குத் துடைத்த நாலு அவுட்லெட்

போன வாரம், என்னோடு வேலை பார்த்த ரூபா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓசூரில் நான் வேலை பார்த்த பட்டறையின் வாசலில், லாரியின் மேல், ஒரு பழைய ஃபைபர் படகு சாய்ந்து நிற்கிறது. படத்துக்குக் கீழே அவளுடைய குரல்.

“அக்கா, இன்னொண்ணு வந்திருக்குது. அதே மாதிரி பழசு, அதே பச்சை. புதுசா ரெண்டு புள்ளைங்க சேர்ந்திருக்காங்க. பைப்பு எப்பிடிக் கழட்டறதுன்னு நான் சொன்னா, ‘உனக்கு யாரு சொன்னாங்க’ன்றாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

முப்பத்து மூன்று வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனாலும் பத்து வருடம் பார்த்த வேலையை, இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். வயதானவர்களுக்குச் செய்வது போலவே சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வேலையை விட்டது சரியா என்று வாரத்துக்கு நாலு முறை யோசிக்கிறேன். அதற்குப் பதில் தெரியவில்லை. படகில் பைப்பு கழற்றுவது எப்படி என்ற கேள்விக்குத் தெரியும். ஆகவே, பையன் தூங்கும் நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு மாந்தோப்பு. கிருஷ்ணகிரியில் மெக்கானிக்கல் டிப்ளமோ. வகுப்பில் பெண்கள் நான்கு பேர். ஒரு வருடம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. அதற்குப் பிறகு இந்தப் பட்டறை. ஃபைபரில் தண்ணீர்த் தொட்டியும் நடமாடும் கழிப்பறையும் செய்யும் இடம். திருவிழாவுக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்களே, அந்தக் கழிப்பறை. அதில் கழிவுநீர்க் குழாய்ப் பிரிவு என்னுடையது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் அம்மா, “ஃபைபர் கம்பெனியில டிசைன் பண்றா” என்பார். முரளி மட்டும் என்னிடமே கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். “எங்க கம்பெனியில எப்பவும் அடைச்சிக்கிறது அதுதாங்க” என்றார். அவருக்கு எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலை. அவரையே கட்டிக்கொண்டேன்.

கடலே இல்லாத ஓசூருக்குப் படகு எப்படி வந்தது என்றால், ஃபைபர் என்று சொல்லி எது வந்தாலும் எங்கள் பட்டறை எடுத்துக்கொள்ளும். ஓர் அணையின் ஓரம் தங்கும் விடுதி கட்டியிருந்த ஒருவர், கடலோரக் காயலில் வருடக்கணக்கில் ஓடிய சிறிய வீட்டுப்படகு ஒன்றை வாங்கி எங்களிடம் அனுப்பினார். சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அணையைச் சுற்றிக் காட்டுவது அவர் திட்டம். உள்ளே கழிப்பறை, கைகழுவும் தொட்டி, சமையல் தொட்டி, குளிக்கும் இடம் என்று நான்கு இருந்தன. நான்கின் கழிவுநீரும் படகின் வயிற்றைத் துளைத்துச் செல்லும் பித்தளைக் குழாய்கள் வழியாக வெளியே போகும். அதைத்தான் அவுட்லெட் என்போம். வெளியே தட்டையான விளிம்பு, நடுவில் மரை, உள்ளே ஒரு பெரிய நட்டு, அதன்மேல் ரப்பர் ஹோஸ். அணை நீரில் கழிவை விடக் கூடாது என்பதால் கழிப்பறைக்கு மட்டும் உள்ளேயே தொட்டி வைத்து, அதன் அவுட்லெட்டை மூடிப் பூட்டிவிடுவதாக ஏற்பாடு. பூட்டினாலும் ஓட்டை ஓட்டைதான். நான்கும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தன. ஒன்று உடைந்தால் இரண்டு அங்குல அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே வரும். மேலே இருக்கும் பிள்ளைகளுக்கு அது கால் நனையும்போதுதான் தெரியும்.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிடும். மிச்சம் நிற்கும் செம்பு ரஸ்க் மாதிரி. பார்வைக்கு முழுக் குழாய், உள்ளே ஒன்றும் இல்லை. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் செத்துவிட்டது. இன்னோர் அடையாளமும் உண்டு. நட்டுக்கு அடியில், மரை உள்ளே நுழையும் இடத்தில், வெண்பச்சை மாவு கசிந்து காய்ந்திருக்கும். தண்ணீரில் இறக்கிச் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதாதா என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்பார்கள். போதாது. செத்த பித்தளை சும்மா நிற்கும்போது சொட்டாது. இன்ஜின் அதிர அதிர ஒரு நாள் உடையும்.

கழற்றும்போது முதல் விஷயம், கழிப்பறைத் தொட்டிப் பக்கம் தனியாக இறங்காதீர்கள். பழைய கழிவின் வாயு முதலில் நாறும்; அதிகமானால் நாற்றமே தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். மூடிகளை எல்லாம் திறந்து, ஃபேன் வைத்து, ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே. சுத்தம் செய்கிறோம் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள்.

ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் குழாய் உடையும், அதோடு ஃபைபரும் பிளக்கும். கிளிப்பை ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். ஹோஸின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, இளகியதும் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை மாதிரி உரியுங்கள். நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். நெருப்புக் காட்டாதீர்கள். இரும்பில் பழகிய கை உடனே கேஸ் டார்ச்சைத்தான் தேடும். ஃபைபர் கருகினால் அந்த இடம் பிறகு எதையும் பிடிக்காது. நட்டு அசையவே இல்லை என்றால் வெளியே வாருங்கள். விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மாதிரி ஆக்கி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி, குழாயை உள்பக்கமாகத் தள்ளுங்கள். கிரைண்டர் ஒரு நூல் தாண்டினாலும் படகின் தோல்தான். ஃபைபர் தூசு கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். வேலை முடிந்ததும் முழங்கை வரை அகல டேப்பை ஒட்டி உரித்தெடுத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். இல்லாவிட்டால் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் அரிக்கும்.

இனி எங்கள் மேனேஜர். வெங்கடேசப்பா சார் வீட்டில் தெலுங்கு பேசுவார், பட்டறையில் தமிழ், லாரி டிரைவர்களிடம் கன்னடம், யாருக்கும் புரியக் கூடாத கோபத்துக்கு மறுபடியும் தெலுங்கு. பட்டறையில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிடும். கெட்ட செய்தி சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. முகம் தெரியாமல் யோசிப்பதற்காகத்தான் துடைக்கிறார் என்று எனக்குப் புரியவே மூன்று வருடம் ஆனது. திட்டுவதற்கு முன் “சாப்டியாம்மா?” என்பார். ஆமாம் என்றால் உடனே விழும். இல்லை என்றால் சாப்பிட அனுப்பி, வந்த பிறகு விழும்.

நடந்தது இதுதான். பேறுகால விடுப்பு முடிந்து நான் திரும்பிய சில மாதங்களில், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, படகின் நான்கு அவுட்லெட்டுகளையும் பார்த்தேன். மாற்ற வேண்டியவற்றின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் அரத்தால் உறுதி செய்துகொண்டு செக் ஷீட்டில் ஏற்றலாம் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. மறுநாள் விடுப்பு. அதற்கடுத்து பூஜை, பிறகு ஞாயிறு.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வெல்டிங் மெஷின் முதல் ஸ்பேனர் வரை அன்று மினுங்க வேண்டும். தேங்காய் எண்ணெய், புளி, மண்ணெண்ணெய், மெருகேற்றும் பஃபிங் வீல் என்று அவரவர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தால் படகுக்கு முன்னும் பின்னும் வாழைக்கன்று. உள்ளே நான்கு அவுட்லெட்டும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கின்றன. நான்கிலும் சந்தனம், குங்குமம். நட்டு அடியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சாக்பீஸும் இல்லை.

“யாரு தொடைச்சது?” என்றேன்.

ரூபா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். “நான்தான்க்கா. ரெண்டு மணி நேரம் பஃப் அடிச்சேன். சென்னாகி இருக்குதல்ல?” அழகாக இருப்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள்.

“மேல சாக்பீஸ் மார்க் இருந்துச்சே, எத்தனையில இருந்துச்சு?”

அவள் முகம் மாறிவிட்டது. “ஐயோ அக்கா. சாமிக்கு வெக்கிறதுல என்னாத்துக்குக் கிறுக்கல்னு தொடைச்சிட்டேன். எண்ணலையே.”

அரத்தை எடுத்து நான்கிலும், நட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் வெளியே தெரியும் தோள் பக்கமாக இழுத்தேன். சமையல் தொட்டியும் குளிக்கும் இடமும் இளஞ்சிவப்பு. கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் மஞ்சள். ஆக, இரண்டு. நான்கையும் மறுபடி இழுத்துப் பார்த்தேன். ஏனென்றால் நான் குறி போட்டது மூன்றில். குறி போட்ட அன்று மாலை பஸ்ஸிலிருந்து போனில் முரளியிடம், “நாலுல ஒண்ணுதான் தேறும்” என்று சொன்னதுகூட நினைவிருந்தது. இடைவேளையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீ ஏதோ சொன்ன. நான் மருந்து வாங்கிட்டு வரட்டான்னு கேட்டேன்” என்றார். அவ்வளவுதான் சாட்சி.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பக்கத்தில் வெல்டர் கோவிந்தண்ணனும் இருந்தார்.

“அரம் எத்தனைன்னுது?” என்றார் மேனேஜர்.

“ரெண்டு சார்.”

“நீ எத்தனைன்ற?”

“மூணு.”

“மூணாவது எது?”

“அதான் சார் தெரியல.”

கோவிந்தண்ணன் சிரித்துவிட்டார். “சத்யாம்மா, புள்ள பெத்தவங்களுக்குப் பாதி ஞாபகம் புள்ளையோட போயிடும். என் வீட்டுக்காரி, அடுப்ப அணைச்சனா இல்லையான்னு கெலமங்கலம் பஸ்ஸ பாதி வழியில நிறுத்தி எறங்கினா. பஸ்ஸே சிரிச்சுது.”

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள்தான். குழந்தைக்கு மருந்து கொடுத்தேனா என்று பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைக்கிறவள். அப்படிப்பட்டவள் இங்கே கோடு போட்டுவிட்டுத் தாளில் எழுதாமல் போனேனே என்றுதான் இருந்தது.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். புது வெண்கல அவுட்லெட் நான்கும் ஸ்டோரில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் கழற்றும் ஒவ்வொன்றும் படகின் தோலுக்கு ஒரு ஆபத்து. ஓட்டையைச் சரிசெய்து, புதிதைப் பொருத்தி, பசை இறுக நாள் ஆகும். வெள்ளிக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்க விடுதிக்காரர் நாள் குறித்துவிட்டார். பந்தல்கூடச் சொல்லியாகிவிட்டது.

“அந்த ரெண்டையும் எப்பிடியும் மாத்தறோம். உன் ஞாபகத்துக்காக நல்லதுக்கெல்லாம் கிரைண்டர் வெக்க முடியாது. ஒண்ணு கழட்டிக்கோ. எதுன்னு நீயே சொல்லு.”

நான் கழிப்பறையைச் சொன்னேன். நாளெல்லாம் சிறுநீர் போகும் வழி. பித்தளைக்கு அதைவிடக் கேடு இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ரூபாவும் நானும் அரை நாள் போராடினோம். நட்டு திரும்பவில்லை. வெளியே படுத்துக்கொண்டு விளிம்பைத் தேய்த்தேன். மாலை மூன்று மணிக்கு அவுட்லெட் உள்ளே விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் மரை முழுவதும் தங்கம் மாதிரி மஞ்சள். இடையில் யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

“நல்ல பல்லப் புடுங்கிட்டியேம்மா” என்றார் கோவிந்தண்ணன். கேலிகூட இல்லை, பரிதாபமாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. ரூபா தலையைத் தூக்கவில்லை.

குழாயடியில் போய் நின்று கைகளைத் தேய்த்துக் கழுவினேன். ஒரு நாள் போனது. எல்லோர் முன்னாலும் நான் சொன்னது தப்பு. பேசாமல் இரண்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கே ஒருவேளை இரண்டுதானோ என்று ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. தப்பாகப் போனது நான் தேர்ந்தெடுத்தது. எண்ணியது அல்ல. எண்ணியது மூன்று என்றால், இப்போது எது என்ற கேள்வியே இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

ஈரக் கையோடு மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், கைகழுவற தொட்டியையும் கழட்டணும்.”

“ஏமம்மா இது!” தெலுங்கு வந்துவிட்டது. “இப்பதானே ஒரு நல்லதக் கழட்டின?”

“மூணுல அது இல்லன்னா இதுதான் சார்.”

“மூணுன்னா. ரெண்டுன்னா?”

“ரெண்டுன்னா இன்னொரு நல்லதும் போகும். வெள்ளிக்கிழமையும் போகும். அவ்ளோதான் போகும். மூணா இருந்து நாம விட்டுட்டா என்ன போகும்னு நான் சொல்ல வேணாம். இத கழட்டாம செக் ஷீட்டுல நான் கையெழுத்து போட மாட்டேன் சார்.”

அவரே போட்டுக்கொள்ளலாம். மேனேஜர் கையெழுத்து இருந்தால் போதும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று துடைத்த மாதிரி நீளமாக அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே நின்றேன். மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்:

“சாப்டியாம்மா?”

“இல்ல சார்.”

“சாப்ட்டு வந்து கழட்டு.”

கைகழுவும் தொட்டிக்கு எண்ணெய் ஊறும்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஹோஸை உரித்துவிட்டு பைப் ரெஞ்சை நட்டில் மாட்டினேன். அழுத்தக்கூட இல்லை. நட்டும் அதோடு பாதிக் குழாயும் சேர்ந்து கையோடு வந்தன. முறிந்த இடம் இளஞ்சிவப்பு. விரலால் நிமிண்டினால் பொடி. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அன்று பார்த்தது முழுவதும் ஞாபகம் வந்தது. அதற்கு நான் குறி போட்டது நட்டுக்கு அடியில் கசிந்திருந்த மாவைப் பார்த்து. தோள் நன்றாக இருந்தது, மரைதான் உள்ளே செத்திருந்தது. அரம் தோளைத்தான் தொடும். மாவை ரூபா துடைத்துவிட்டாள்.

கோவிந்தண்ணன் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “என் வீட்டுக்காரி பஸ்ஸுல இருந்து எறங்கிப் போனான்னு சொன்னனில்ல. அடுப்பு எரிஞ்சிட்டுதாம்மா இருந்துச்சு.”

மேனேஜர் எங்கள் முன்னாலேயே விடுதிக்காரருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலேயே அவர் கத்துவது கேட்டது. பந்தல், சமையல், வரப்போகும் விருந்தாளிகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தப்பு எங்க மேலதாங்க. அடையாளத்த நாங்களே தொடைச்சிட்டோம். அடுத்த நல்ல நாள் பாருங்க” என்றார். ரூபா அழ ஆரம்பித்தாள். அவளிடம் அப்போது சொன்னதையே இப்போதும் எழுதுகிறேன். துடைத்தது தப்பு இல்லை. அழியக்கூடிய ஒன்றால் குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதுதான் தப்பு. அது என்னுடையது. புதிதாகச் சேர்ந்தவர்களே, சீட்டு எழுதிக் கம்பியால் கட்டுங்கள். போனில் படம் எடுங்கள். எத்தனை என்பதோடு ஏன் என்பதையும் எழுதுங்கள். ஏன் என்று நான் எழுதியிருந்தால் கழிப்பறை அவுட்லெட் பிழைத்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் வந்தால் கழற்றிவிடுங்கள். உங்களுக்குக் கேலி புதிதல்ல, பழகிக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்துப் படகை அணையில் இறக்கினார்கள். நான்கும் வெண்கலம். முதல் சுற்றுக்குப் பட்டறை ஆட்களைக் குடும்பத்தோடு ஏற்றினார்கள். மகள் முரளியின் மடியில் இருந்தாள். எல்லோரும் மலையையும் தண்ணீரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கைகழுவும் தொட்டிக்குக் கீழே பலகையைத் திறந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புது நட்டுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினின் அதிர்வு கை வழியாக ஏறித் தோளில் தெரிந்தது.

“சத்யா, வெளிய வந்து பாரு. கொக்கு கூட்டமா உக்காந்திருக்குது” என்று முரளி இரண்டு முறை கூப்பிட்டார்.

“ஒரு சுத்து முடியட்டும்” என்றேன்.

முடிந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. மற்ற மூன்றின் அடியிலும் தடவிப் பார்த்தேன், அவையும் உலர்ந்திருந்தன. படகோட்டி கரையில் நிறுத்தப் போனார். “அண்ணா, இன்னொரு சுத்து போங்க” என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து, மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.